இங்கிலாந்தில் அரசு மாணவர் கடனுக்கான வதிவிட விதிகள்

இங்கிலாந்தில் அரசு மாணவர் கடனுக்கான வதிவிட விதிகள் என்பவை, இங்கிலாந்தில் உயர்கல்வி பயிலச் செல்லும் ஒருவர் அரசின் கல்விக் கடனைப் பெறத் தகுதியுடையவரா என்பதை அவருடைய குடியேற்ற நிலை, வாழ்ந்த இடம், வாழ்ந்த காலம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கும் சட்ட விதிகள் ஆகும். பிரித்தானியக் குடியுரிமை மட்டும் இருந்தால் இக்கடன் கிடைப்பதில்லை. நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்திருப்பது மட்டும் இருந்தாலும் பொதுவாகக் கிடைப்பதில்லை. சட்டப்படியான நிலை, உண்மையான வாழ்க்கை ஆகிய இரண்டும் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை.

ஐக்கிய இராச்சியத்தின் நான்கு பகுதிகளான இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை தனித்தனியான மாணவர் நிதி விதிகளைக் கொண்டுள்ளன. இக்கட்டுரை முதன்மையாக இங்கிலாந்தின் விதிகளை விளக்குகிறது.

கடனின் தன்மை

இளநிலைப் பட்டப்படிப்பிற்கான அரசு மாணவர் கடன் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது கல்விக் கட்டணக் கடன். இது நேரடியாகக் கல்வி நிறுவனத்திற்குச் செலுத்தப்படுகிறது. இரண்டாவது வாழ்க்கைச் செலவுக் கடன்; இது மாணவரின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது, இதன் அளவு குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. 2025-26 கல்வியாண்டில் முழுநேர இளநிலைப் படிப்பிற்கான கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு ஆகும். மூன்றாண்டுப் படிப்பு ஒன்றிற்கு இதே கட்டணம் நீடிப்பதாகக் கொண்டால் 28,605 பவுண்டு தேவைப்படும்.

இக்கடனைக் கிளாஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாணவர் கடன் நிறுவனம் வழங்குகிறது. வங்கிக் கடனைப் போல இதற்குப் பிணையோ உத்தரவாதம் அளிப்பவரோ தேவையில்லை. 2023 ஆகத்து 1 முதல் இங்கிலாந்தில் புதிதாகப் படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9 விழுக்காட்டைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற திட்டத்தின் கீழ் வருகின்றனர். 40 ஆண்டுகளுக்குப் பின்னர் எஞ்சிய கடன் தள்ளுபடியாகிறது. கடனின் ஒரு பகுதி திரும்பி வராது என்பதை அரசு தொடக்கத்திலேயே கணக்கில் கொள்கிறது. பொதுப்பணம் இவ்வாறு செலவிடப்படுவதால், பெறுபவர் அந்நாட்டுச் சமூகத்தோடு உறுதியான தொடர்புடையவராக இருக்க வேண்டும் என்பது வதிவிட விதிகளுக்கு அரசு கூறும் காரணம்.

வரலாறு

1962ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் கீழ், பட்டப்படிப்பில் சேர்ந்த தகுதியுள்ள மாணவர்களுக்கு உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகள் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகையைக் கட்டாயமாக வழங்க வேண்டியிருந்தது. அப்போதே மூன்றாண்டு வதிவு என்னும் நிபந்தனை உதவித்தொகை விதிகளில் இடம்பெற்றது. 1980இல் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுச் செலவுக் கட்டணம் பெறும் முறை நடைமுறைக்கு வந்தபோது, யார் உள்நாட்டு மாணவர், யார் வெளிநாட்டு மாணவர் என்ற கேள்வி பெரும் பணமதிப்புடைய கேள்வியாக மாறியது.

1990இல் வாழ்க்கைச் செலவுக் கடன் அறிமுகமானது. 1998இல் ஆண்டிற்கு 1,000 பவுண்டு கட்டணம் விதிக்கப்பட்டது. 2006இல் கட்டண உச்சவரம்பு 3,000 பவுண்டாக உயர்ந்தபோது அதற்கான கட்டணக் கடனும் வந்தது. 2012இல் உச்சவரம்பு 9,000 பவுண்டாகவும் 2017இல் 9,250 பவுண்டாகவும் ஆனது. கட்டணம் உயர உயர, கடன் மறுக்கப்படுவதன் விளைவும் கடுமையாயிற்று. 1,000 பவுண்டைக் குடும்பத்தினர் எவ்வாறேனும் திரட்டலாம். 9,000 பவுண்டை ஆண்டுதோறும் திரட்டுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாது. எனவே கடன் இல்லை என்பது பலருக்குப் பல்கலைக்கழகம் இல்லை என்பதற்குச் சமமாகிவிட்டது.

பொதுவான தகுதி நிபந்தனைகள்

பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்குப் பொருந்தும் நிபந்தனைகள் நான்கு ஆகும்.

1. படிப்பின் முதல் கல்வியாண்டின் முதல் நாளில், விண்ணப்பதாரர் ஐக்கிய இராச்சியத்தில் நிரந்தரக் குடியிருப்பு நிலை உடையவராக இருத்தல்.
2. அதே நாளில் இங்கிலாந்தில் வழமையாக வதிபவராக இருத்தல்.
3. அந்நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் முழுவதும் ஐக்கிய இராச்சியத்திலோ கால்வாய்த் தீவுகளிலோ மாண் தீவிலோ வழமையாக வதிந்திருத்தல்.
4. அந்த மூன்று ஆண்டுகளின் எப்பகுதியிலும், வதிவின் முழுமையான அல்லது முதன்மையான நோக்கம் முழுநேரக் கல்வியாக இல்லாதிருத்தல்.

இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறைவேற வேண்டும்.

நிரந்தரக் குடியிருப்பு நிலை

1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி, நாட்டில் வழமையாக வதிந்து, தங்கியிருப்பதற்குக் கால வரையறை எதுவும் இல்லாதவரே இந்நிலை உடையவர். பிரித்தானியக் குடிமக்கள், காலவரையற்ற தங்கல் அனுமதி பெற்றவர்கள், அயர்லாந்துக் குடிமக்கள் ஆகியோர் இதில் அடங்குவர். இரண்டரை ஆண்டு, ஐந்து ஆண்டு என வரையறுக்கப்பட்ட அனுமதியில் வாழ்பவர்கள் இதில் அடங்குவதில்லை.

வழமையான வதிவு

சட்டங்களில் இத்தொடருக்கு விரிவான வரைவிலக்கணம் இல்லை. நீதிமன்றங்களே இதன் பொருளை வகுத்துள்ளன. ஒருவர் ஓர் இடத்தைத் தானே விரும்பி ஏற்று, ஏதேனும் உறுதியான நோக்கத்துடன், தம் அன்றாட வாழ்க்கையின் இயல்பான பகுதியாக அங்கு வாழ்வாராயின் அவர் அங்கு வழமையாக வதிகிறார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கும் எண்ணம் தேவையில்லை. சட்டத்திற்குப் புறம்பான தங்கல் இக்கணக்கில் சேர்வதில்லை.

விடுமுறைக்காகவோ உறவினரைக் காணவோ சில வாரங்கள் வெளிநாடு செல்வதால் வதிவு அறுபடுவதில்லை. மாணவரோ அவருடைய பெற்றோரோ வாழ்க்கைத் துணையோ தற்காலிக வேலையின் பொருட்டு வெளிநாட்டில் இருந்த காலமும் ஐக்கிய இராச்சியத்தில் வதிந்த காலமாகவே கொள்ளப்படும். ஆயுதப்படையினர் வெளிநாட்டில் பணியாற்றும் காலம் இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் வேலை உண்மையிலேயே தற்காலிகமானது என்பதை ஆவணங்களால் காட்ட வேண்டும்.

முதல் நாள்

தகுதி கணிக்கப்படும் நாள் விண்ணப்பித்த நாளும் அல்ல, வகுப்பு தொடங்கும் நாளும் அல்ல. விதிகள் நான்கு நாட்களை வரையறுக்கின்றன.

* ஆகத்து 1 முதல் திசம்பர் 31 வரை தொடங்கும் படிப்பிற்கு: செப்டம்பர் 1
* சனவரி 1 முதல் மார்ச்சு 31 வரை தொடங்கும் படிப்பிற்கு: சனவரி 1
* ஏப்ரல் 1 முதல் சூன் 30 வரை தொடங்கும் படிப்பிற்கு: ஏப்ரல் 1
* சூலை 1 முதல் சூலை 31 வரை தொடங்கும் படிப்பிற்கு: சூலை 1

எனவே செப்டம்பர் 20இல் வகுப்பு தொடங்க, செப்டம்பர் 10இல் காலவரையற்ற அனுமதி கிடைத்த மாணவர், பொதுவான நிபந்தனையின் கீழ்த் தகுதி பெறுவதில்லை. அதே மாணவர் படிப்பைச் சனவரிக்கோ அடுத்த ஆண்டிற்கோ தள்ளிவைத்தால், ஏனைய நிபந்தனைகள் நிறைவேறும் நிலையில், தகுதி பெறுவார். படிப்பு தொடங்கிய பின்னர் அகதியாக ஏற்கப்படுவது போன்ற சில நிகழ்வுகளுக்கு மட்டும் விதிகள் இடையில் தகுதி பெற வழி செய்கின்றன.

கல்விக்காக மட்டும் வதிதல்

நான்காவது நிபந்தனை, மாணவர் விசாவில் வந்து படித்த காலத்தைத் தகுதிக்குரிய காலமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. படிப்பு இல்லாதிருந்தால் இவர் இந்நாட்டில் இருந்திருப்பாரா என்பதே இங்கு கேட்கப்படும் கேள்வி. பெற்றோருடன் வாழ்ந்து அருகிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பிள்ளை படிப்பு இல்லாவிடினும் அங்குதான் இருக்கும். ஆகவே அதன் வதிவு கல்விக்கானது அன்று. பெற்றோர் சென்னையிலோ கொழும்பிலோ இருக்க, விடுதிப் பள்ளியில் பயில மட்டும் அனுப்பப்பட்ட பிள்ளையின் வதிவு கல்விக்கானது எனக் கொள்ளப்பட வாய்ப்பு அதிகம்.

விதிகளை உருவாக்கிய வழக்குகள்

ஷா வழக்கு (1982)

வெளிநாட்டிலிருந்து வந்து பள்ளிப் படிப்பை இங்கிலாந்தில் முடித்த மாணவர்கள் சிலர், உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகள் உதவித்தொகை மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1982 திசம்பரில் பிரபுக்கள் அவை மாணவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஸ்கார்மன் பிரபு எழுதிய இத்தீர்ப்பே மேலே குறிப்பிட்ட வழமையான வதிவு என்பதன் பொருளை நிலைநிறுத்தியது. கல்வியும் ஓர் உறுதியான நோக்கமே எனவும், அதற்காக வாழ்வதும் வழமையான வதிவே எனவும் அது கூறியது. இதற்கு மறுமொழியாக 1983இல் அரசு விதிகளைத் திருத்தி, கல்விக்காக மட்டும் வதிந்த காலத்தை விலக்கியது. நான்காவது நிபந்தனையின் தோற்றம் இதுவே.

பிடார் வழக்கு (2005)

பிரான்சு நாட்டுக் குடிமகனான ஒரு மாணவர், தாயின் மருத்துவச் சிகிச்சைக்காக 1998இல் இங்கிலாந்து வந்து, பாட்டியுடன் வாழ்ந்து, மேனிலைக் கல்வியை அங்கேயே முடித்தார். 2001இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளியல் பயிலத் தொடங்கியபோது, நிரந்தரக் குடியிருப்பு நிலை இல்லை என்று கூறி வாழ்க்கைச் செலவுக் கடன் மறுக்கப்பட்டது. மாணவராக இருக்கும்வரை அந்நிலையை அவர் அடையவே முடியாது என்பதே சிக்கல். 2005 மார்ச்சு 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தகைய விதி பாகுபாடானது எனத் தீர்ப்பளித்தது. அதே வேளையில், சமூகத்துடன் ஓரளவு ஒன்றிணைந்திருப்பதை உறுதிசெய்யக் குறிப்பிட்ட கால வதிவை ஒரு நாடு கேட்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது.

டைகெரே வழக்கு (2015)

ஆப்பிரிக்க நாடான சாம்பியாவிலிருந்து 2001இல் தம் ஆறாம் வயதில் வந்த ஒரு மாணவி, தொடக்கப்பள்ளி முதல் மேனிலை வரை இங்கிலாந்திலேயே பயின்று, பள்ளியின் மாணவர் தலைவியாகவும் இருந்தார். 2013இல் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவரிடம் 2012இல் வழங்கப்பட்ட, கால வரையறையுள்ள அனுமதியே இருந்தது. 2018 வரை அவரால் நிரந்தர நிலைக்கு விண்ணப்பிக்க இயலாது. அதனால் கடன் மறுக்கப்பட்டது. உடன் படித்த மாணவர்கள் பல்கலைக்கழகம் சென்றபோது அவரால் செல்ல முடியவில்லை.

2015 சூலை 29இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நிரந்தரக் குடியிருப்பு நிலையை இவரைப் போன்றவர்களிடமும் விலக்கின்றிக் கேட்பது, மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையின் கல்வி உரிமையோடு சேர்த்துப் பார்க்கும்போது பாகுபாடானது என்று ஹேல் சீமாட்டி உள்ளிட்ட பெரும்பான்மையினர் கருதினர். மூன்றாண்டுச் சட்டப்படியான வதிவு என்னும் நிபந்தனையை நீதிமன்றம் தள்ளவில்லை. கருத்து வேறுபட்ட சம்ப்சன் பிரபுவும் ரீட் பிரபுவும், பொதுப்பணத்தைப் பங்கிடுவதில் தெளிவான கோடு ஒன்றை வரைவது அரசின் உரிமை என்றனர்.

நீண்டகால வதிவு விதி

டைகெரே தீர்ப்பைத் தொடர்ந்து 2016இல் இங்கிலாந்து அரசு புதிய தகுதிப் பிரிவு ஒன்றை உருவாக்கியது. இதன்படி, நிரந்தர நிலை இல்லாதவரும் கீழ்க்காணும் ஒன்றை முதல் நாளில் நிறைவேற்றினால் தகுதி பெறலாம்.

* 18 வயதிற்கு உட்பட்டவராயின், முந்தைய 7 ஆண்டுகள் முழுவதும் ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்திருத்தல்.
* 18 வயது நிறைந்தவராயின், முந்தைய காலத்தில் தம் வாழ்நாளில் பாதியையோ 20 ஆண்டுகளையோ அங்கு வாழ்ந்திருத்தல்.

இத்துடன் இறுதி மூன்று ஆண்டுகளின் வழமையான வதிவு சட்டப்படியானதாகவும் இருக்க வேண்டும்.

இவ்விதி பலருக்குக் கதவைத் திறந்தபோதும், 18ஆம் பிறந்தநாளில் ஒரு திடீர்ப் பள்ளத்தை ஏற்படுத்துகிறது. பத்தாம் வயதில் வந்தவர் பதினேழரை வயதில் படிப்பைத் தொடங்கினால் ஏழரை ஆண்டு வாழ்ந்திருப்பார்; தகுதி உண்டு. அவரே பதினெட்டரை வயதில் தொடங்கினால் எட்டரை ஆண்டு வாழ்ந்திருப்பார், ஆனால் இப்போது வாழ்நாளில் பாதியாகிய ஒன்பதேகால் ஆண்டு தேவைப்படும், தகுதி இல்லை. கூடுதல் காலம் வாழ்ந்தும் தகுதியை இழக்கிறார். 20 வயது ஆகும்போது பத்து ஆண்டுகள் நிறைவதால் மீண்டும் தகுதி பெறுவார். ஒரே வகுப்பில் ஒன்றாகப் படித்த இருவர், பிறந்த மாதத்தின் வேறுபாட்டால் மட்டும் எதிரெதிர் முடிவுகளைப் பெறக்கூடும்.

ஸ்காட்லாந்தில் இதை ஒத்த விதி இருந்தது. வாழ்நாளில் பாதி என்னும் எல்லையைச் சிறிது நாட்களால் தவறவிட்ட ஒரு மாணவி தொடுத்த வழக்கில், 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் அவ்விதி மனித உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2023இல் ஸ்காட்லாந்து நீண்டகால வதிவு நிபந்தனையைக் கைவிட்டு, மூன்றாண்டுச் சட்டப்படியான வதிவையும் செல்லுபடியாகும் தங்கல் அனுமதியையும் அடிப்படையாகக் கொண்ட விதிக்கு மாறியது.

அகதிகள்

அகதியாக ஏற்கப்பட்டவருக்கும், புகலிட விண்ணப்பத்தின் போதே அவருடைய குடும்பத்தினராக இருந்த வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மூன்றாண்டு நிபந்தனை பொருந்தாது. ஏற்கப்பட்ட நாள் முதல் அவர் ஐக்கிய இராச்சியத்தில் தொடர்ந்து வதிந்திருந்தால் போதும். 1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து புகலிடம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இப்பிரிவு பொருந்தியது. ஆனால் புகலிட விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்பவருக்குக் கடன் இல்லை. முடிவிற்காக ஆண்டுகள் பல காத்திருக்க நேரும்போது, அக்காத்திருப்பு பிள்ளைகளின் கல்லூரிப் பருவத்தையே விழுங்கிவிடக்கூடும். 2022இல் உக்ரைனியர்களுக்கான சிறப்புத் திட்டங்களின் கீழ் வந்தவர்களுக்கும் மூன்றாண்டு நிபந்தனை விலக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள்

ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்புரிமை கொண்டிருந்த காலத்தில், ஒன்றியக் குடிமக்கள் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் மூன்று ஆண்டுகள் வதிந்திருந்தால் கட்டணக் கடனைப் பெறலாம். பிரான்சு, செருமனி, நெதர்லாந்து, தென்மார்க்கு முதலிய நாடுகளில் குடியுரிமை பெற்றபின் இங்கிலாந்திற்கு இடம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வழியில் பயன் பெற முடிந்தது.

இந்நிலை 2021 ஆகத்து 1 முதல் தொடங்கிய படிப்புகளுக்கு மாறியது. 2020 திசம்பர் 31க்கு முன்னர் வந்து, ஐரோப்பியக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் நிலை பெற்றவர்களுக்கு உரிமைகள் தொடர்கின்றன. அவற்றின் அளவு, பெற்றது முழு நிலையா முன்நிலையா என்பதைப் பொறுத்தது. அந்நாளுக்குப் பின்னர் புதிதாக வரும் ஒன்றியக் குடிமக்கள் பொதுவாக ஏனைய வெளிநாட்டு மாணவர்களைப் போன்றே நடத்தப்படுகின்றனர். அயர்லாந்துக் குடிமக்கள் இதற்கு விலக்கு. 2020 இறுதியில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வாழ்ந்துகொண்டிருந்த பிரித்தானியக் குடிமக்களுக்கு, 2028 சனவரி 1க்கு முன்னர் தொடங்கும் படிப்புகள் வரை இடைக்கால ஏற்பாடு உண்டு.

நாட்டின் எப்பகுதி

எந்தப் பகுதியின் நிதி அமைப்பிடம் விண்ணப்பிப்பது என்பதைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இடம் தீர்மானிப்பதில்லை. மாணவரின் வீடு அமைந்துள்ள இடமே தீர்மானிக்கிறது. ஸ்காட்லாந்தில் வதியும் தகுதியுள்ள மாணவர் அங்கேயே இளநிலைப் பட்டம் பயிலும்போது கட்டணத்தை அரசு செலுத்துகிறது. படிப்பதற்காக மட்டும் இலண்டனிலிருந்து எடின்பரோவிற்குச் சென்றவர் இதனால் ஸ்காட்லாந்து வதிவாளர் ஆகிவிடுவதில்லை. அவர் இங்கிலாந்தின் கடனையே பெற வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

கீழ்க்காண்பவை விதிகளை விளக்குவதற்கான கற்பனை நிலைமைகள்.

மாணவர் அ: இலண்டனில் பிறந்த பிரித்தானியக் குடிமகன். ஐந்து வயதில் குடும்பம் சென்னைக்கு நிலையாகக் குடிபெயர்ந்தது. 2024 ஆகத்து மாத நடுவில், 18 வயதில் இலண்டன் திரும்பி, செப்டம்பரில் படிப்பைத் தொடங்க விரும்புகிறார். மூன்றாண்டு வதிவு இல்லாததால் கடன் கிடைக்காது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் கேட்கப்படலாம். இங்கிலாந்தில் வேலை செய்து வாழ்ந்து, 2027 செப்டம்பரில் படிப்பைத் தொடங்கினால் தகுதி பெறுவார்.

மாணவர் ஆ: ஒன்பதாம் வயதில் பெற்றோருடன் வந்தவர், வயது 17. கால வரையறையுள்ள அனுமதியில் நான்கு ஆண்டுகளாகச் சட்டப்படி வாழ்கிறார். மொத்தம் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்துள்ளதால், நீண்டகால வதிவு விதியின் கீழ்த் தகுதி உண்டு.

மாணவர் இ: மாணவர் விசாவில் விடுதிப் பள்ளிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் படித்தவர், பெற்றோர் இந்தியாவில் உள்ளனர். நிரந்தர நிலையும் இல்லை, வதிவும் கல்விக்கானது. தகுதி இல்லை.

கட்டண நிலையும் கடன் தகுதியும்

உள்நாட்டுக் கட்டணமா வெளிநாட்டுக் கட்டணமா என்பதைக் கல்வி நிறுவனம் தீர்மானிக்கிறது. கடன் தகுதியை மாணவர் நிதி அமைப்பு தீர்மானிக்கிறது. இவ்விரண்டிற்கும் தனித்தனி விதித்தொகுப்புகள் உள்ளன. அவை பெரிதும் ஒத்திருந்தாலும் ஒன்றல்ல. எனவே பல்கலைக்கழகம் ஒருவரை உள்நாட்டு மாணவராக ஏற்றுக்கொண்டதால் மட்டும் கடன் உறுதியாகிவிடுவதில்லை.

விமர்சனங்கள்

தெளிவான எல்லைக்கோடு நிர்வாகத்தை எளிதாக்கும். ஆண்டுதோறும் குவியும் பல இலட்சம் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய இயலாது என்பது இவ்விதிகளை ஆதரிப்போர் வாதம். குடியேற்ற நிலையைப் பெரும்பாலும் பெற்றோரின் முடிவுகளும் அலுவலகத் தாமதங்களுமே தீர்மானிக்கின்றன, சிறுவயதில் அழைத்து வரப்பட்ட பிள்ளைக்கு அவற்றில் பங்கில்லை என்பது எதிர்ப்போர் வாதம். 2012இல் வகுக்கப்பட்ட குடிவரவு விதிகளின் கீழ் 30 மாத அனுமதியை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பத்து ஆண்டுகளில் நிரந்தர நிலையை அடையும் வழியில் இருப்பவர்கள், தம் கல்லூரிப் பருவம் முழுவதையும் இடைநிலையிலேயே கழிக்க நேரலாம். இவர்களுள் பலர் பள்ளிக்காலம் முழுதும் தம் தோழர்களிடமிருந்து எவ்வேறுபாட்டையும் உணராமல் வளர்ந்தவர்கள். கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் அவ்வேறுபாட்டை முதன்முதலாக அறிகின்றனர்.